சிவப்பு ஓடுகிறது

ராசா,

இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோய் நைரோபியில் ஆற அமரப் பிரித்துப் படிக்கலாம் என்று நீ நினைத்தால் அது நடக்காது. நாளை மத்தியானம் நம் தையல் யூனிட்டில் எல்லோரும் தூக்குவாளியைத் திறக்கிற நேரத்தில் செல்வி இதைச் சத்தமாக வாசிப்பாள். பதினெட்டுப் பெண்களும் கேட்பார்கள். உன் அப்பா லோடு ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்து கேட்பார். நீயும் அங்கே இருக்க வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் உன்னை நான் எல்லோர் முன்னாலும் வைத்துத்தான் திட்டினேன். அதனால் இதையும் எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். நாலு மாசத்துக்கு முன்னால், துணி வாங்க அந்த அயர்லாந்து அம்மாள் வந்திருந்தபோது, கொஞ்சம் சொன்னேன். ஆனால் இங்கிலீஷில் எனக்கு அம்புட்டுதான் வந்தது. மீதியைத் தமிழில் எழுதுகிறேன்.

வெளிநாடு போகிற பிள்ளைக்கு எப்படிச் சாப்பிடணும், யாரோடு சேரணும், பணத்தை எப்படிச் செலவழிக்கணும் என்றெல்லாம் எழுத வேண்டும். அதைச் சொல்ல உன் அத்தைமார் மூன்று பேர் இருக்கிறார்கள், ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எனக்கு நன்றாகத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்றே ஒன்றுதான். 'ரன்'. அதற்கு ஓடு என்று அர்த்தம் என்று ஆறாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வார்த்தை என் வாயையும் அடைத்தது, உன் வாயையும் அடைத்தது. பிறகு அதே வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இரண்டு பேரும் வெளியே வந்தோம். அந்தக் கதையில் பாதி உனக்குத் தெரியும். தெரியாத பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அப்போது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். ராஜபாளையத்தில் சஞ்சீவி மலைக்கு இந்தப் பக்கம் வாடகைக்கு எடுத்த இரண்டு அறையில் பதினோரு மெஷின் போட்டிருந்தோம். கல்யாணத்துக்கு முன்னாலேயே தளவாய்புரத்தில் நைட்டி தைத்துப் பழகிய கை எனக்கு. அதை நம்பித்தான் சொந்தமாக ஆரம்பித்தேன். மும்பைக் கடைக்காரர் ஒருவர் நைட்டிகளை எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். வெள்ளை உடம்பு, கழுத்திலும் கையிலும் சிவப்புப் பட்டை, அதுதான் அவருக்கு நாம் அனுப்பியது. முதல் லாட் போன மூன்று வாரத்தில் என் போனில் அவர் மெசேஜ் வந்தது. எழுத்துக் கூட்டத் தெரியுமே தவிர எனக்கு அர்த்தம் தெரியாது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றவில்லை, உன் கையில் போனைக் கொடுத்தேன்.

"'ரெட் இஸ் ரன்னிங்'னு போட்டிருக்கும்மா. சிவப்பு ஓடுதுன்னு அர்த்தம். அடுத்த லாட்டுக்கு முன்னாடி அவசரமாப் பாருங்கன்னு போட்டிருக்கு" என்றாய்.

நம் தொழிலில் ஓடுது என்றால் என்ன அர்த்தம்? எந்த டிசைன் ஓடுது, எந்த சைஸ் ஓடுது என்றுதான் காலையில் கடையைத் திறந்ததும் கேட்பார்கள். படம் ஓடுது என்றால் கூட்டம் வருது. சரக்கு ஓடுது என்றால் விற்குது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் மெஷினில் இருந்த செல்வியைக் கூப்பிட்டு, "சிவப்பு ஓடுதாம்ட்டி, அடுத்த லாட்டு அவசரமா வேணுமாம்" என்று சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிவரச் சொன்னேன். அதே சிவப்பில் இரண்டு மடங்கு வெட்டினோம். பதினோரு பேரும் ஞாயிற்றுக்கிழமைகூட வந்து தைத்தார்கள்.

இப்போது இவர்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். மெசேஜை வாசித்துவிட்டு நீ அத்தோடு நிற்கவில்லை. மறுபடியும் போனைப் பார்த்தாய். "அம்மா, நல்லா ஓடுதுன்னு போடலம்மா. ஓடுதுன்னு மட்டுந்தான் போட்டிருக்கு. வாசிச்சா சந்தோஷமாச் சொல்லுத மாதிரி இல்ல. எங்க இங்கிலீஷ் சார் வீடு பக்கத்துத் தெருதான். செத்த நேரம் பொறுங்க, கேட்டுட்டு வாரேன்" என்றாய். சைக்கிளைக்கூடத் திருப்பிவிட்டாய். நான்தான் கேரியரைப் பிடித்து நிறுத்தினேன். "நம்ம யாவாரத்தை ஊர் பூராம் போயி வாசிச்சுக் காட்டணுமாக்கும்? உள்ள போயிச் சாப்பிடு" என்றேன். எனக்கு வேண்டிய அர்த்தம் கிடைத்துவிட்டது. வேறு அர்த்தம் வந்துவிடுமோ என்று பயம். அந்தப் பயம்தான் அன்றைக்கு உன்னை நிறுத்தியது. அதை இன்றுவரை யாரிடமும் நான் ஒத்துக்கொண்டதில்லை.

ஒரு மாசம் கழித்து, பார்சல் ஆபீசிலிருந்து அப்பாவின் ஆட்டோவில் அத்தனை மூட்டையும் திரும்பி வந்தது. பிரித்தால், அவர் நனைத்துப் பார்த்து மேலே வைத்திருந்த நைட்டிகளில் வெள்ளை முழுக்க ரோஸ் நிறம் திட்டுத் திட்டாக இருந்தது. புது வியாபாரியிடம் வாங்கிய சிவப்புத் துணி. தண்ணீரில் ஒரு தடவை முக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. மும்பைக்காரர் போனில் இந்தியும் இங்கிலீஷுமாகக் கத்தினார். அதில் 'ரன்' என்ற சத்தம் மட்டும் நாலைந்து தடவை காதில் விழுந்தது. நீ அப்போதுதான் உள்ளே வந்தாய். ஒரு நைட்டியைச் சுருட்டி உன் மேலே எறிந்தேன். "இங்கிலீஷ் மீடியம் படிச்சுக் கிழிச்சது இதுதானா? ஒரு வரி வாசிக்கத் தெரியல. பதினோரு குடும்பத்துச் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்றேன். மெஷின் எல்லாம் நின்றுவிட்டது. நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். கேட்டுட்டு வரட்டுமான்னு கேட்டேனே, நீங்கதானே வேண்டாம்னீங்க என்று நீ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கீழே விழுந்த நைட்டியை எடுத்து மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாய். பதினாறு வயசுப் பிள்ளை அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மாதான் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தாள்.

அடுத்த பத்து நாளும் எனக்குத் தூக்கமில்லை. யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். வெள்ளையைத் திரும்ப வெள்ளையாக்க முடியாது. முழு நைட்டியையும் அடர்ந்த நிறத்தில் முக்கினால் தப்பிக்கலாம். சாயப்பொடியை ராஜபாளையத்தில் வாங்கினால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரு நைட்டியைப் பையில் சுருட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். பஜாரில் ஜிப்பு, பட்டன், நூல், சாயம் எல்லாம் விற்கிற கடை ஒன்றில் என்னைவிட நாலைந்து வயது இளையவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் கதீஜா. நைட்டியை விரித்துப் பார்த்துவிட்டு, பட்டன் எண்ணுகிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாள்.

"கலர் ரன் ஆயிருச்சாக்கா?"

"என்னது ஆயிருச்சு?"

"ரன்னுக்கா. தண்ணி பட்டதும் ஒரு கலரு இன்னொண்ணுல போயி எறங்குதுல்ல. இங்கிலீஷ்ல அதையும் ஓடுதுன்னுதான் சொல்லுவாங்க."

தரையிலேயே உட்காரப் போனேன். அவள் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். போனை எடுத்து அந்தப் பழைய மெசேஜைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "சிவப்பு சாயம் எறங்குது, அடுத்த லாட்டுக்கு முன்னாடி அவசரமாக் கவனிங்கன்னு மரியாதையாத்தானக்கா போட்டிருக்காரு. யாரு உங்களுக்கு வாசிச்சுச் சொன்னா?" என்றாள். "எம் பையன்" என்றேன். "என்ன சொன்னான்?" "ஓடுதுன்னு சொன்னான்." அவள் சிரித்தாள். "சரியாத்தான சொல்லிருக்கான்."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். அது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, ராசா. உன்னைத் திட்டிய பத்தாவது நாளே தெரியும். திரும்பி வருகிற பஸ்ஸில், வீட்டுக்குப் போனதும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தையெல்லாம் கோத்து வைத்திருந்தேன். நீ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். தோசை சுட்டுக் கொண்டுவந்து வைத்தேன். "சாப்பிடு" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. மறுநாள் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாளும் விட்டேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டதைச் சொல்வதே கஷ்டம். ஒரு வருஷம் தள்ளிப்போட்டதை எப்படிச் சொல்வது? நாளாக ஆகத் தப்பு பெரிசாகிக்கொண்டே போனது. நான் உன்னைத் திட்டியதைவிட, தெரிந்த பின்னும் பேசாமல் இருந்தேனே, அதுதான் பெரிய தப்பு.

யூனிட்டைக் காப்பாற்றியது உனக்குத் தெரியும். கதீஜா சொன்ன அளவில் சாயமும் உப்பும் போட்டு, கல்யாண வீட்டு அண்டாக்களை வாடகைக்கு எடுத்து, பதினோரு பேரும் கை காப்பிக்கொட்டை நிறமாகும்வரை முக்கி எடுத்தார்கள். ஆடிப்பூரத் தேருக்குக் கூடுகிற கூட்டத்தில் அவள் கடை வாசலிலேயே தொங்கவிட்டு விற்றோம். மூன்றாம் நாள் மத்தியானத்தில் கயிறு காலி. ஒருத்திகூட வேலையை விட்டுப் போகவில்லை. அந்தச் சந்தோஷத்தில் எல்லோரும் சேர்ந்து பால்கோவா வாங்கிச் சாப்பிட்டபோது நீ வரவில்லை. பரீட்சை இருக்கிறது என்றாய். அந்த மாசம் உனக்குப் பரீட்சை எதுவும் கிடையாது.

அதற்குப் பிறகுதான் நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆண்டாள் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். நீகூடக் கேலி செய்வாய். "பெருமாள் அம்மாவுக்கு வாராவாரம் அப்பாயின்ட்மென்ட் குடுத்திருக்காரு" என்று அப்பாவிடம் சொல்வாய். கோயிலுக்குப் போனது பொய்யில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அஞ்சு நிமிஷம் போய்க் கும்பிட்டு, துளசியைத் தலையில் வைத்துக்கொண்டு, மீதி இரண்டரை மணி நேரம் கதீஜா கடையில்தான் இருந்தேன். ஞாயிறு மத்தியானம் அவள் கடைக்குக் கூட்டம் வராது. அவளுக்கு நைட்டியும் சுடிதாரும் வெட்டப் பழக வேண்டும், எனக்கு இங்கிலீஷ் வேண்டும். மாற்றிக்கொண்டோம். கல்யாணமான புதிதில் அவள் கணவரோடு மலேசியா போய், ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரியில் துணி தைக்கிற பிரிவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். இலக்கணம் எல்லாம் தெரியாது. காதால் கேட்டு, தப்பாகச் செய்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ்.

வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே தலைமை நர்ஸ் அவளிடம் சுருட்டிய துணித் தான் ஒன்றைக் கொடுத்து, "ரன் அப் டூ கர்ட்டன்ஸ்" என்றாராம். ரன் என்றால் ஓடு, அப் என்றால் மேலே. இவள் தானைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஓடி ஏறிவிட்டாள். மாடியில் அவளுக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. சட்டென்று இரண்டு திரை தைத்துக் கொடு என்பதுதான் அதற்கு அர்த்தம். "மூச்சு வாங்க நிக்கேன், அந்தம்மா என்னப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சுக்கா. நானும் சிரிச்சேன். அழுதிருந்தா மறுநாள் வேலைக்குப் போயிருக்க மாட்டேன்" என்றாள். நான் வெகுநேரம் சிரித்தேன். பிறகு உன் நினைவு வந்தது. அவளைப் பார்த்துச் சிரிக்க ஒருத்தி இருந்தாள். உன் மேல் துணியை எறியத்தான் ஆள் இருந்தது.

அந்த ஒரு வார்த்தையை விட மனசில்லாமல் நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு புது ரன்னோடுதான் திரும்புவேன். மூக்கு ஒழுகினால் அதுவும் ரன். குழாயைத் திறந்துவிட்டாலும் ரன். நூல் தீர்ந்துவிட்டால் ரன் அவுட். பஸ் ஸ்டாண்டில் பழைய சிநேகிதி எதிரே வந்துவிட்டால் ரன் இன்டு. அம்மாவுக்கு இருக்கிற பிடிவாதம் மகனுக்கும் இருந்தால் அது குடும்பத்தில் ரன் ஆகுது என்பார்களாம். தேர்தலில் நின்றாலும் ரன். "நாம நிக்குதோம்னு சொல்லுதோம், அவங்க ஓடுதோம்னு சொல்லுதாங்க. ரெண்டுல எது நெசமோ" என்றாள் கதீஜா. ஒரு நாள், "நீங்க ஒரு யூனிட்டை ரன் பண்ணுதீங்கல்ல" என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். தமிழில் நாம் கடையை நடத்துகிறோம். நடக்க வைக்கிறோம். முடியாதபோதுதான், ஏதோ பொழப்பை ஓட்டுறேன் என்று சொல்லிக்கொள்கிறோம். அவர்களுக்கு ஓட்டுவதே கௌரவம். அந்த வார்த்தையில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. ஐ ரன் எ யூனிட். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

நீ கிருஷ்ணன்கோவில் காலேஜில் சேர்ந்தாய். தினமும் காலேஜ் பஸ்ஸில் போய் வந்தாய். மார்க் நன்றாக வந்தது. நாலாம் வருஷம் கம்பெனிக்காரர்கள் காலேஜுக்கே வந்து ஆள் எடுத்தபோது ஆறு கம்பெனியில் உனக்குக் கிடைக்கவில்லை. "போட்டி ஜாஸ்திம்மா" என்றாய். நம்பினேன். உன் சிநேகிதன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன் நீ குளிக்கிற நேரத்தில் சொன்னான். "ஆன்ட்டி, எழுத்துத் தேர்வு எல்லாத்துலயும் இவன்தான் முதல்ல வருதான். நேர்ல உக்கார வச்சு இங்கிலீஷ்ல கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கான். விடை தெரியும் ஆன்ட்டி. தப்பா இருந்துச்சுன்னா என்னடா பண்ணுறதுன்னு கேக்கான்."

அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அந்த ஞாயிறு கதீஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் தேற்றவில்லை. "ஆறு வருஷமா எங்கிட்ட வந்து படிக்கீங்களேக்கா. அவங்கிட்டப் போயி ஒரு வார்த்தை சொல்லுததுக்கு என்ன? தப்பு எம்மேலன்னு சொல்லுததுக்கு இங்கிலீஷ் வேணுமாக்கும்?" என்றாள். வேண்டாம்தான். ஆனாலும் என்னால் முடியவில்லை. படிப்பு முடிந்து ஆறேழு மாசம் நீ யூனிட்டிலேயே துணி வாங்குவதும் மூட்டை கட்டுவதுமாக இருந்தாய். மூலையில் அயர்ன் மேஜைக்குப் பின்னால் நீ குனிந்து நிற்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தேன்.

அப்புறம் அந்த நாள் வந்தது. அயர்லாந்தில் முதியோர் இல்லங்களுக்குத் துணி வாங்குகிற அம்மாள் ஒருவர் நம் யூனிட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. திருப்பூரிலிருந்து ஏஜென்ட் கூட வந்து பேச்சைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. அம்மாள் மட்டும் இறங்கினார். அதே நேரம் என் போனில் ஏஜென்ட் மெசேஜ். 'ரன்னிங் லேட்.' வாசித்ததும் புரிந்தது. ஓடி வரவில்லை, தாமதமாக வருகிறார். செல்வி என்னைப் பார்த்தாள். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ அயர்ன் மேஜைக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டாய். உன்னைக் கூப்பிடலாம் என்று வாய் வரை வந்தது. வேண்டாம், இந்தத் தடவை நான் முதலில் போகிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"ஹூ ரன்ஸ் திஸ் ப்ளேஸ்?" என்று கேட்டார்.

"ஐ ரன், மேடம். எய்ட்டீன் மெஷின். எய்ட்டீன் லேடீஸ். ஐ ரன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் பேச்சு கதீஜாவின் பேச்சு மாதிரி இல்லை, வாய்க்குள்ளேயே உருண்டது. பாதி புரிந்தது, புரியாத பாதிக்கு "ஸ்லோ, மேடம்" என்றேன். மெதுவாகச் சொன்னார். நீல கவுன் ஒன்றை எடுத்து, அதிலிருந்த சிவப்புப் பட்டையை ஈர விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "டஸ் த ரெட் ரன்?"

ஏழு வருஷம் கழித்து அந்தக் கேள்வி என் எதிரில் வந்து நின்றது. நோ மேடம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். வியாபாரத்துக்கு அதுதான் நல்லது. ஆனால் எனக்கு அந்த நேரம் வியாபாரம் நினைவில் இல்லை. "நவ் நோ ரன், மேடம். பிஃபோர், ஒன் டைம், ரன். மை சன் ரீட் தி மெசேஜ். மை சன் கரெக்ட். ஐ ராங். ஐ ஸ்கோல்ட் மை சன். ஆல் லேடீஸ் சீ. மிஸ்டேக் மைன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. செல்விக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் புரிந்துவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நீ நிமிர்ந்தாய். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார். யார் மகன் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டி இருக்கவில்லை. உன்னிடமே கேட்டார். எங்கள் இல்லங்களில் கொதிக்கிற சூட்டில் துவைப்பார்கள், அதற்கு இது தாங்குமா, எப்படித் தெரியும் என்று.

நீ மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாய். அதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நாம் வாங்கிய ஒவ்வொரு துணித் தானிலும் ஒரு துண்டு வெட்டி, வெள்ளைத் துணியோடு சேர்த்துக் கொதிநீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாய். பக்கம் பக்கமாகச் சிவப்பும் அதன் பக்கத்தில் சுத்த வெள்ளையும். ப்ளஸ் ஒன் படிக்கும்போதே ஆரம்பித்திருக்கிறாய். யூனிட்டுக்குத் திரும்பவும் அந்தக் கதி வரக் கூடாது என்று, உன்னைத் திட்டியவளுடைய யூனிட்டை, ஒரு வார்த்தை பேசாமல் நீ காத்து வந்திருக்கிறாய். எத்தனை டிகிரி சூடு, எத்தனை நிமிஷம், எத்தனை தடவை என்று நீ அந்த அம்மாளிடம் சொல்ல ஆரம்பித்தாய். முதல் வரியில் தடுமாறினாய். இரண்டாவது வரியில் நின்றாய். அவர் காத்திருந்தார். அப்புறம் நீ நிற்கவே இல்லை. ஏஜென்ட் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது ஆர்டர் பேசி முடிந்திருந்தது. அவருக்கு டீ கொடுத்தோம். அதைக் குடிக்கிற வேலை மட்டும்தான் அவருக்கு மிச்சம்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எப்பம்மா இங்கிலீஷ் படிச்சீங்க?" "ஞாயித்துக்கிழம" என்றேன். அப்பா அப்போதுதான் சொன்னார், "எனக்குத் தெரியும். கோயிலுக்குப் போறவ பையில நோட்டும் பென்சிலும் எதுக்கு?" இத்தனை வருஷமாகத் தெரிந்தும் அவர் என்னைக் கேட்கவே இல்லை.

அடுத்து நைரோபித் துணிக் கம்பெனி இன்டர்வியூ. வீட்டில் நெட் விட்டு விட்டு வரும் என்று யூனிட்டின் உள்ளறையில் லேப்டாப்போடு நீ உட்கார்ந்தாய். மெஷின் சத்தத்தில் நீ பேசுவது கேட்காதே என்று கவலைப்பட்டாய். நீ கதவைச் சாத்தியதும் நான் கையைக் காட்டினேன், பதினெட்டு மெஷினும் நின்றன. அவசர வேலை நாள்தான். யாரும் இடத்தை விட்டு அசையவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. முக்கால் மணி நேரம் உன் குரல் மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது. நடுவில் ஒரு தடவை நீ ஏதோ சொல்ல, அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள், நீயும் கூடச் சிரித்தாய். செல்வி என் தொடையைக் கிள்ளினாள். "இங்கிலீஷ்ல சிரிக்க வைக்கான்க்கா" என்று காதுக்குள் சொன்னாள். என் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல சத்தம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

நீ போகிற இடத்தில் தரம் பார்க்கிற அதிகாரியாக உன்னை உட்கார வைக்கப் போகிறார்கள். உனக்குக் கீழே நூறு பேர் வேலை செய்வார்கள் என்கிறாய். அவர்களுக்கு வேறு மொழி. அந்த மொழியிலும் ஓடுவதற்குப் பத்து அர்த்தம் இருக்கும். உனக்குப் பிடித்த அர்த்தம் முதலில் வந்தால் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாதே. உன் கீழே இருக்கிறவன் ஒருவன், செத்த நேரம் பொறுங்க, கேட்டுட்டு வாரேன் என்றால் அவனைப் போக விடு. எத்தனை அவசரமானாலும் போக விடு. தப்பு உன் பக்கம் என்று தெரிந்துவிட்டால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு. மறுநாளைக்கு வைக்காதே. நான் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, இன்று மத்தியானம் நீ பெட்டி வாங்க பஜாருக்குப் போயிருந்த நேரம், அயர்லாந்து அம்மாளிடமிருந்து மெசேஜ் வந்தது. முதல் சரக்கு பிடித்துவிட்டதாம். அடுத்த ஆர்டர் போன தடவையைப் போல மூன்று மடங்கு. யார் உதவியும் இல்லாமல் நானே வாசித்தேன். கடைசி வரியில் ஒரு வார்த்தை மட்டும் பிடிபடவில்லை. 'டெலிவரீஸ் மே பி ஸ்டேகர்ட்.' கதீஜாவுக்குப் போன் போட்டேன். "ஸ்டேகர்னா தள்ளாடுததுக்கா. குடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு வாரவன அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள். நம் சரக்கு எதற்குத் தள்ளாட வேண்டும் என்று இரண்டு பேரும் செத்த நேரம் யோசித்தோம். அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நீ வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. நானே எழுத்துக் கூட்டி அனுப்பினேன். 'மேடம், ஸ்டேகர் மீன்ஸ் வாட்? திஸ் வேர்ட் ஐ டோன்ட் நோ.' அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்ப வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து அனுப்பினால் போதும் என்று அர்த்தமாம். கேட்டதற்கு நன்றி என்றும் போட்டிருந்தார்.

இன்னும் ஆறு மெஷின் போட வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டு மாடியைக் கேட்டிருக்கிறேன். தருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். நீ நல்லபடியாகப் போய் வேலையில் சேர், ராசா.

உன் அம்மா